கேரவன் ஏசி ஃபில்டர்: தட்டுவதா, கழுவுவதா, மாற்றுவதா?

போன சித்திரையில் அப்பத்தாவைச் செட்டிநாட்டு நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயிலுக்கும் எங்கள் கேரவனில் கூட்டிக்கொண்டு போனோம். இளையாற்றங்குடியில் தொடங்கி வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று சுற்றி, இரண்டாம் நாள் ராத்திரி வேலங்குடிப் பக்கம் உறவினர் தோப்பு ஒன்றில் வண்டியை நிறுத்திப் படுத்தோம். மணி ஒன்று இருக்கும். அப்பத்தா என்னை எழுப்பினார். "ஏய்யா, மேலருந்து தண்ணி சொட்டுது பாரு."

தலையணை நனைந்திருந்தது. ஏசி ஓடும் சத்தம் கேட்கிறது, காற்று மட்டும் வரவில்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மேல் மூடியைக் கழற்றினேன். கூலிங் காயில், அதாவது காற்றைக் குளிர வைக்கும் குழாயும் தகடும், முழுவதும் வெள்ளை வெளேரென்று ஐஸ் கட்டியிருந்தது. அதற்கு முன்னால் இருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரில் செம்மண் அப்பி, கையில் எடுத்தபோது ஈரக் களிமண் மாதிரி கனத்தது. கடைசியாக எப்போது அதைச் சுத்தம் செய்தேன் என்று யோசித்தேன். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மூச்சிழுப்பு உள்ள எண்பத்திரண்டு வயது மனுஷி அதற்கு நேர் கீழே படுத்திருந்தார். அந்த ராத்திரியை நான் மறக்கவில்லை.

இந்த ஒரு வருடத்தில் எங்கள் குடும்பத்துக்குள் ஓடிய மூன்று வண்டிகளின் ஏசியை நானே கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டேன். எங்கள் வண்டியில் கூரைமேல் ஏசி. அம்மான் மகன் வண்டியில் வீட்டுக்குப் போடுகிற ஸ்பிளிட் ஏசி. முன்னோருக்குப் போடும் படைப்புக்காக நாங்கள் வாடகைக்கு எடுத்த பெரிய வேனில் என்ஜினோடு ஓடுகிற டக்ட் ஏசி. கேரவன் வைத்திருப்பவர்களும், பாடி கட்டக் கொடுக்கப் போகிறவர்களும் முடிவெடுக்க வேண்டிய விஷயம் இரண்டு: ஃபில்டரை எவ்வளவு சுலபமாக எடுக்க முடிகிறது, எடுத்த பிறகு அதை என்ன செய்வது. முதலாவது சரியில்லை என்றால் இரண்டாவதற்கு வேலையே வராது.

ஐஸ் ஏன் கட்டுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காயிலைக் கடந்து போகிற காற்றுதான் அதற்குச் சூட்டைக் கொண்டுவந்து கொடுக்கிறது. ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும். காற்று குறைந்தால் காயில் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போகும், காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் உறையும். உறைந்த ஐஸ் மிச்சமிருக்கிற காற்றையும் அடைக்கும். பிறகு அது உருகும்போது தண்ணீர் பிடிக்கும் தட்டு கொள்ளாமல் கூரை வழியே சொட்டும். இதில் நிறையப் பேர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஃபில்டர் அடைக்கத் தொடங்கும்போது குளிர் குறைவதில்லை, காற்றின் அளவுதான் குறைகிறது. கையை நீட்டினால் முன்னைவிடச் சில்லென்றுகூட இருக்கும். "ஏசி நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுவோம். அதனால் காற்று வரும் வாயில் ஒரு சாண் மெல்லிய ரிப்பனைக் கட்டி வைத்திருக்கிறேன். சுத்தமான ஃபில்டரில் அது நேராகப் படுத்துப் பறக்கும். தொங்க ஆரம்பித்தால் மூடியைத் திறக்க வேண்டிய நாள் வந்துவிட்டது.

எடுக்கும் சுலபம்: மூன்று ஏசி, மூன்று விதம்

கூரைமேல் ஏசியில் இயந்திரம் முழுவதும் கூரைக்கு மேலே உட்கார்ந்திருக்கும். உள்ளே தெரிவது உட்கூரையில் ஒரு சதுர மூடி. அதில் காற்றை இழுக்கும் ஜாலி, அதாவது ஓட்டை ஓட்டையான தட்டு, இருக்கும், ஜாலிக்குப் பின்னால் ஸ்பாஞ்சோ நைலான் வலையோ இருக்கும். கம்பெனி கொடுத்த நிலையில் இது மிகச் சுலபம். இரண்டு கொக்கியை அழுத்தினாலோ, குமிழைக் கால் சுற்று திருப்பினாலோ ஜாலி கையோடு வந்துவிடும். எங்கள் வண்டியில் நடந்தது வேறு. பாடி கட்டிய பட்டறையில் அழகுக்காகப் பிளைவுட்டில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, சுற்றிலும் எல்.இ.டி. விளக்கு ஓட்டி, ஜாலியின் ஓரத்தை அந்தப் பலகைக்குள் மறைத்துவிட்டார்கள். ஃபில்டரை எடுக்க எட்டு ஸ்க்ரூ கழற்ற வேண்டும். கட்டில்மேல் நின்று அண்ணாந்து, கண்ணில் புழுதி விழ, கழற்றி மாட்ட முக்கால் மணி நேரம். நான் இரண்டு மாதம் தள்ளிப்போட்டதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல, அந்த எட்டு ஸ்க்ரூவும்தான்.

பிறகு ஊர் ஆசாரியைக் கூப்பிட்டு அந்தப் பலகையில் ஜாலி அளவுக்குக் கதவு மாதிரி வெட்டி, ஒரு பக்கம் கீல் வைத்து, மறுபக்கம் காந்தம் வைத்தேன். காந்தம் மட்டும் போதவில்லை. மானகிரி தாண்டி ஒரு வேகத்தடையில் கதவு திறந்து தொங்கியது. இப்போது இரண்டு காந்தம், கூடவே திருப்புகிற கொக்கி ஒன்று. ஃபில்டரை எடுக்க இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை. அதே கூரை, அதே ஏசிதான். முன்பு இரண்டு மாதம் ஆனது, இப்போது நான்கு நாளுக்கு ஒருமுறை எடுக்கிறேன்.

இந்தக் கதவை வெட்டும்போது இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். கூரைப் பெட்டிக்குள் காற்றை இழுக்கும் அறைக்கும், குளிர்ந்த காற்றை விடும் அறைக்கும் நடுவில் ஒரு தடுப்பு உண்டு. எங்கள் வண்டியில் அது சரியாக ஒட்டாமல் விரல் நுழையும் இடைவெளி இருந்தது. குளிர்ந்த காற்று வெளியே வராமல் அப்படியே திரும்ப இழுபட்டிருக்கிறது. அலுமினியம் ஃபாயில் டேப் ஒட்டி அடைத்தேன். ஃபில்டருக்காகத் திறப்பவர்கள் டார்ச் அடித்து அந்தத் தடுப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஸ்பிளிட் ஏசிக்கு வருவோம். ஃபில்டரை எடுப்பதில் இதற்கு இணை கிடையாது, ஆனால் இடம் விட்டு மாட்டியிருக்க வேண்டும். முன் மூடியைத் தூக்கினால் இரண்டு நைலான் வலை. சற்றே மேலே தள்ளிக் கீழே இழுத்தால் வந்துவிடும். ஏணி வேண்டாம், கருவி வேண்டாம். எங்கள் ஆத்தாவே செய்துவிடுவார். அம்மான் மகன் வண்டியில் அதைப் பின்பக்கக் கட்டிலுக்கு மேலே, சீலிங்கோடு ஒட்டி, எதிரே சாமான் அலமாரி வைத்து மாட்டிவிட்டார்கள். மூடி பாதிதான் திறக்கும். வலையை வளைத்து உருவி உருவி அதன் பிளாஸ்டிக் சட்டம் விரிசல் விட்டுவிட்டது. கடைசியில் அலமாரியை நான்கு அங்குலம் வெட்டிக் குறைத்தார். ஸ்பிளிட்டுக்கு மேலே ஒரு சாணாவது காலி இடம் வேண்டும், முன்னால் மூடி முழுதும் தூக்கும் அளவுக்கு இடம் வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டுச் சுவருக்காகச் செய்த ஏசி அது. வண்டி ஆட்டத்தில் செம்புக் குழாய் இணைப்புகள் தளர்ந்து கேஸ் கசிகிற தொல்லை இதில் அதிகம். ஃபில்டர் சுலபம் என்ற ஒரே காரணத்துக்காக ஸ்பிளிட்டுக்குப் போக மாட்டேன்.

டக்ட் ஏசியில் சொல்ல அதிகமில்லை. நடுக்கூரையில் ஒரு பெரிய ஜாலி, நான்கு ஸ்க்ரூ, உள்ளே நீள வலை. ஃபில்டர் எடுப்பது நடுத்தரம். அதற்கு அப்பால் காயிலைத் தொட வேண்டுமென்றால் மெக்கானிக்தான். என்ஜின் ஓடினால்தான் இது ஓடும் என்பதால் ராத்திரி தூங்குவதற்கு ஆகாது. கட்டிலுக்கு அடியில் பெட்டி மாதிரி வைக்கும் ஏசியும் உண்டு. காற்றைத் தரையோரமாக இழுப்பதால் காலில் வரும் மணலும் தலைமுடியும் நேராக ஃபில்டருக்குத்தான் போகும். நம் ஊர் மண்ணுக்கு அதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சில வண்டிகளில் ஓட்டுநர் பக்க ஏசிக்குத் தனியாக, டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால் ஒரு காகித ஃபில்டர் இருக்கும். அதைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். அம்மான் மகன் அதையும் சேர்த்து வாளியில் ஊறப்போட்டு, அப்பளம் மாதிரி பிய்ந்து வந்தது.

செம்மண்ணும் தாளிப்பும்

எப்படிச் சுத்தம் செய்வது என்பதற்கு முன்னால், எதைச் சுத்தம் செய்கிறோம் என்று பார்க்க வேண்டும். செட்டிநாட்டில் பூமிக்குக் கீழே செம்புறாங்கல். தார்ச்சாலையை விட்டு இறங்கிக் கோயிலுக்கோ கண்மாய்க் கரைக்கோ போனால் மாவு மாதிரி நைசான சிவப்புப் புழுதி. அதில் இரும்புத் துரு கலந்திருப்பதால் சாயம் மாதிரி ஏறும். எத்தனை தடவை கழுவினாலும் வெள்ளை ஸ்பாஞ்ச் மறுபடி வெள்ளையாகாது. முதலில் நான் அந்த நிறத்தைப் பார்த்து இன்னும் அழுக்கு இருக்கிறதென்று கசக்கிக் கசக்கியே ஒரு ஸ்பாஞ்சைக் கிழித்துவிட்டேன். நிறத்தைப் பார்க்கக் கூடாது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். கண் கண்ணாகச் சீராக வெளிச்சம் தெரிந்தால், வாயால் ஊதும்போது மறுபக்கம் வைத்த கையில் காற்று பட்டால், அது சுத்தம்.

இரண்டாவது எதிரி நம் சமையல். வீட்டில் அடுப்படி எங்கோ பின்கோடியில் இருக்கும். கேரவனில் அடுப்புக்கும் ஏசி ஜாலிக்கும் நடுவில் நான்கைந்து அடிதான். ஒரு தாளிப்பு, ஒரு வறுவல் போதும். எண்ணெய்ப் புகை வலையில் படிந்து பிசுக்காகும், அதன்மேல் செம்மண் ஒட்டும். உள்ளே சமைக்காத வண்டியின் ஃபில்டரைத் தட்டினாலே கொட்டிவிடும். உள்ளே சமைத்த வண்டியின் ஃபில்டர் தட்டினால் அசையாது. எந்த வழியில் சுத்தம் செய்வது என்பதைத் தீர்மானிப்பது இந்த ஒரு வித்தியாசம்தான். நாங்கள் இப்போது வறுவலை வெளியே பந்தலுக்கடியில் வைத்துக்கொள்கிறோம். மழை பெய்து உள்ளே சமைக்க நேர்ந்தால் ஏசியை நிறுத்தி, கூரை விசிறியைப் போட்டுவிட்டுத்தான் கடுகு போடுவது.

தட்டுவது, உறிஞ்சுவது

வேகமான வழி இது. சின்ன வாக்குவம் கிளீனரோ மெல்லிய பிரஷோ போதும். தண்ணீர் வேண்டாம், காய வைக்க வேண்டாம், பத்து நிமிடத்தில் ஏசி திரும்ப ஓடும். புழுதி ஒட்டியிருப்பது நம்மைப் பார்த்த பக்கம். அந்தப் பக்கத்திலிருந்தே உறிஞ்ச வேண்டும். எதிர்ப்பக்கத்தில் உறிஞ்சினால் தூசி வலைக்கண்ணுக்குள் இன்னும் இறுகும். நைலான் வலைக்கு இது நன்றாகப் பொருந்தும். ஸ்பாஞ்சுக்கு மேலோட்டமாகத்தான் வேலை செய்யும். பிசுக்கு ஏறிய ஃபில்டருக்குப் பயனே இல்லை.

பஞ்சர் கடையில் ஃபில்டர்மேல் காற்று அடித்துக் கொள்ளலாமே என்று தோன்றும். நானும் ஒருமுறை செய்தேன். வலை சட்டத்திலிருந்து ஓரத்தில் பிரிந்துவிட்டது. அந்த இடுக்கு வழியாகப் புழுதி நேராகக் காயிலுக்குப் போகும். அந்தக் காற்று டயருக்கே இருக்கட்டும்.

கழுவுவது

முழுச் சுத்தம் வேண்டுமென்றால் இதுதான். அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, பத்து நிமிடம் ஊறல். பிறகு சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கத்துக்குத் தண்ணீரை ஊற்றி அலச வேண்டும், அதாவது வந்த வழியே அழுக்கைத் திருப்பி அனுப்புவது. ஸ்பாஞ்சைப் பிழியக் கூடாது, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அமுக்கினால் போதும். கொதிக்கிற தண்ணீர், பிளீச்சிங் பவுடர், ஆசிட் எதுவும் ஆகாது. சூட்டில் சட்டம் நெளிந்தால் திரும்ப உள்ளே உட்காராது.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். நிறைய இடத்தில் போர்த் தண்ணீர் உப்பு. அதில் அலசிக் காய வைத்தால் வலைக்கண்ணில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். நாலைந்து தடவையில் அதுவே அடைப்பாகிவிடும். நான் போர்த் தண்ணீரில் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு சொம்பு நல்ல தண்ணீர் விடுகிறேன். முற்றத்தில் மழைத்தண்ணீர் பிடித்து வைக்கும் வீடுகளில் அந்த அண்டாத் தண்ணீரைவிட நல்லது கிடையாது. ஊருணியைப் பார்த்ததும் இறங்கிவிடாதீர்கள். பல ஊர்களில் அது குடிதண்ணீர். காலைக்கூட நனைக்க மாட்டார்கள், அங்கே சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டும் போகக் கூடாது.

கழுவுவதன் குறை காய்வதில் இருக்கிறது. நைலான் வலையை உதறி நிழலில் வைத்தால் கோடையில் அரை மணி நேரம். ஸ்பாஞ்சுக்கு இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும். நேர் வெயிலில் வைத்தால் சட்டம் நெளியும், ஸ்பாஞ்ச் சீக்கிரம் உளுத்து உதிரும். எங்கள் வீட்டு வளவுத் தாழ்வாரத்தில் தூணுக்குத் தூண் கயிறு கட்டித் தொங்கவிடுவேன், நிழலும் உண்டு, காற்றும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் ஸ்பாஞ்ச் ஒரு நாளானாலும் காயாது. ஈரத்தோடு மாட்டினால் அடுத்த நாளே வண்டிக்குள் பாசி வாடை, இழுப்பு உள்ளவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். காய்கிற வரைக்கும் ஃபில்டர் இல்லாமல் ஏசியை ஓட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஃபில்டரைக் கழுவி விடலாம். காயில் தகடுகளுக்குள் போன செம்மண்ணை எடுப்பது மெக்கானிக்குக்கே பெரும்பாடு.

இரண்டாவது செட்

இந்தச் சிக்கலுக்கு எனக்குக் கிடைத்த விடை, ஃபில்டர் இரண்டு செட் வைத்துக்கொள்வது. ஒன்று வண்டியில், ஒன்று காய்ந்து பையில். அழுக்கை எடுத்து, காய்ந்ததை மாட்டி, இரண்டு நிமிடத்தில் ஏசியைப் போட்டுவிட்டு, கழற்றியதை நிதானமாக ஊரில் கழுவலாம். பயணத்தில் தண்ணீர்த் தொட்டியும் காலியாகாது. ஏசி கம்பெனி ஃபில்டர் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால் ஃபில்டர் ஸ்பாஞ்ச் ஷீட் வாங்கிப் பழையதை அச்சாக வைத்து வெட்டலாம். ஊதினால் காற்று தாராளமாகப் போகிற, கண் திறந்த ஸ்பாஞ்சாக இருக்க வேண்டும். மெத்தை ஸ்பாஞ்ச், பார்சலில் வரும் ஸ்பாஞ்ச் எதுவும் கூடாது. தடிமன் பழையதைவிட ஒரு நூல்கூட அதிகமாகக் கூடாது.

தடிமன் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அப்பத்தாதான். அவருடைய இழுப்புக்காக, நுண்தூசியைப் பிடிக்கும் தடித்த ஃபில்டர் துணியை வலைமேல் ஒட்டலாம் என்று நல்ல மனசோடு ஒருவர் சொன்னார், ஒட்டினேன். ரிப்பன் உடனே தொங்கிவிட்டது, மூன்றாவது மணி நேரத்தில் மறுபடி ஐஸ். கேரவன் ஏசியின் விசிறிக்கு அந்தத் துணி வழியாகக் காற்றை இழுக்கும் பலம் இல்லை. ஏசி வலை கண்ணுக்குத் தெரியும் தூசியைப் பிடித்து இயந்திரத்தைக் காப்பாற்றுவதற்கானது. நெஞ்சுக்குச் சுத்தமான காற்று வேண்டுமென்றால் தனியாகச் சின்ன ஏர் பியூரிஃபையர் வாங்கி அவர் தலைமாட்டில் வையுங்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம்.

மெக்கானிக்கைக் கூப்பிடுவது

ஃபில்டருக்காக மெக்கானிக் வேண்டாம், காயிலுக்கு வேண்டும். மாசி கடைசியில், வெயில் ஏறுவதற்கு முன் ஒருமுறை. கூரைமேல் ஏசியை மேலிருந்து மூடி கழற்றித்தான் கழுவ வேண்டும், வண்டிக்குள்ளிருந்து ஜெட் பம்ப் அடித்தால் வயரும் பலகையும் நனையும். ஆசிட் கலந்த திரவம் பக்கத்திலேயே வரக் கூடாது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உலோகம் அரிப்பது பற்றிய ஆராய்ச்சி அங்கே முக்கியமான துறை. அவர் காயிலைப் பார்த்துச் சொன்னார்: "செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டி இருக்கு. நடுவுல உப்புத் தண்ணி நின்னா அது பேட்டரி மாதிரிதான். அலுமினியம் கரைஞ்சு போகும்." அதிலிருந்து காயிலுக்கும் கடைசியாக நல்ல தண்ணீர்தான் விடச் சொல்கிறேன்.

மெக்கானிக் வருவதற்கு முன்னால் ஃபில்டரை நீங்களே கழுவி மாட்டி, அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். எனக்கு ஒருமுறை "கேஸ் கம்மியா இருக்கு" என்று காசு வாங்கிக்கொண்டு நிரப்பிவிட்டுப் போனார்கள். கோளாறு ஃபில்டரில்தான் இருந்தது. ஜாலியில் இழுக்கும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் தெர்மாமீட்டரில் சுமார் 9 முதல் 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்து, ரிப்பனும் நேராகப் பறந்தால், கேஸைத் தொட வேண்டியதில்லை.

ஐஸ் கட்டிவிட்டால் கத்தி, ஸ்க்ரூடிரைவர் போட்டுக் குத்தாதீர்கள், குழாய் ஓட்டையாகும். குளிரை நிறுத்தி விசிறியை மட்டும் ஓட விட்டு, கீழே பாத்திரம் வைத்துக் காத்திருங்கள். எந்த மூடியைத் திறப்பதற்கு முன்னும் இன்வெர்ட்டர், ஜெனரேட்டர், வெளிக் கரண்ட் மூன்றையும் அணைத்துவிட வேண்டும். காயில் தகடு பிளேடு மாதிரி கூர்மை, கை வைக்க வேண்டாம்.

ஆக, வண்டிக்குள் சமைக்காமல், தார்ச்சாலையிலேயே ஓடுகிறவர்களுக்கு நைலான் வலையும், வாரம் ஒரு வாக்குவமும், கம்பெனிகள் சொல்கிறபடி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுவதும் போதும். எங்களை மாதிரிக் கோயில் பாதை, கண்மாய்க் கரை என்று செம்மண்ணில் இறங்குகிறவர்களுக்கு இரண்டு செட்டும், சித்திரை வைகாசியில் நான்கு நாளுக்கொரு மாற்றும் வேண்டும். ஸ்பாஞ்ச் இருந்தால், அதே அளவுக்கு நைலான் வலை கிடைக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் காய்கிற ஒரே காரணத்துக்காகவே அது மேல்.

புதிதாகப் பாடி கட்டக் கொடுக்கிறவர்கள் பிளைவுட் ஏறுவதற்கு முன் ஒரு நாள் பட்டறைக்குப் போய், ஏசி மாட்டிய இடத்துக்குக் கீழே நில்லுங்கள். ஒரு கையால் ஜாலியைத் திறந்து ஃபில்டரை எடுத்துத் திரும்ப மாட்டிப் பாருங்கள். அதற்கு ஸ்க்ரூடிரைவர் கேட்கத் தோன்றினால், ஆசாரியை அங்கேயே நிறுத்திக் கதவை வெட்டச் சொல்லிவிடுங்கள்.